இடமும் வலமும்



ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பம் எவற்றையெல்லாம் எடுத்துச் செல்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். பாத்திரமும் படுக்கையும் முதலில் மூட்டையாகும். பூசைப் படங்கள் பழந்துணியில் சுற்றப்பெறும். அம்மியும் ஆட்டுக்கல்லும் கனமானவை. அவற்றை உறவினர் வீட்டில் விட்டுச் செல்வோம். ஆயினும் பல்லாங்குழிக் கட்டை மட்டும் எப்படியோ மூட்டைக்குள் இடம்பெற்றுவிடும். நம் பாட்டிமார் அதைப் பிரிந்து வர ஒருப்பட்டதில்லை. புதிய ஊருக்குச் சென்ற பின், அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரும் அதே பதினான்கு குழிக் கட்டையை எடுத்து வந்து, அதற்குத் தங்கள் மொழியில் 'அளகுளி மணெ' என்று பெயர் சொல்வார். அன்று மாலையே இருவரும் எதிரெதிரே அமர்ந்து காய்களை எண்ணத் தொடங்கிவிடுவர்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் விளையாட்டே. ஆனால் அது பல்லாங்குழி அன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய விடியோ விளையாட்டு. அவற்றுள்ளும் உலகப் புகழ் பெற்றவற்றைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. மீசை வைத்த மேரியோவை அறியாதார் இலர். அவர் புகழ் பாடப் பலர் உள்ளனர். பெயரே தெரியாமல் நாங்கள் ஆடிய சில சிறிய ஆட்டங்களைப் பற்றிச் சொல்லவே விரும்புகிறோம். குழந்தைகள் ஆடிய ஆட்டத்தில் பெரியோர் கேட்கத்தக்கது என்ன இருக்கிறது என்று சிலர் ஐயுறலாம். சற்றே பொறுமையோடு கேட்டால் விடை தானே விளங்கும்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது பெங்களூரின் அல்சூர்ப் பகுதி. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அப்பக்கத்தில் படைநிலையம் அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும், அவர்களைச் சார்ந்து வாழும் வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். எங்கள் தந்தையாரோ பின்னாளில் ஆலை வேலை தேடி வடஆர்க்காட்டிலிருந்து வந்தவர். நாங்கள் குடியிருந்தது ஒரு வடாரம். பொது முற்றமும் பொதுக் குழாயும் கொண்டு வரிசையாக அமைந்த சிறு வீடுகளைப் பெங்களூரில் அப்படித்தான் அழைப்பர். எங்கள் முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள் இருந்தன. அவற்றுள் ஐந்து தமிழர் வீடுகள்; இரண்டு கன்னடர் வீடுகள்; ஒன்று தெலுங்கர் வீடு. குழாயில் நீர் வரும் நேரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

1990-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் தாய்மாமன் சென்னையிலிருந்து பிருந்தாவன் விரைவு வண்டியில் வந்திறங்கினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதைப் பர்மா பஜாரில் வாங்கியதாகச் சொன்னார். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே உள்ள அந்தக் கடைவரிசை, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ஆம் ஆண்டில் தோன்றியது என்பது உங்களுட் பலருக்குத் தெரிந்திருக்கும். கடல் கடந்து சென்று மீண்டவர்களின் கடையில் வாங்கிய பொருள், மாநில எல்லையைக் கடந்து வாழ்ந்த எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அப்போது இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும் வயது எங்களுக்கு இல்லை. பெட்டியைத் திறப்பதிலேயே கருத்தாக இருந்தோம்.

உள்ளே வெண்மையும் சிவப்புமான ஒரு பிளாஸ்டிக் பொறி இருந்தது. அதனோடு கம்பியால் பிணைந்த இரண்டு பிடிகள் இருந்தன. அவற்றை ஜாய்ஸ்டிக் என்று நாங்கள் அழைத்தோம். மேற்புறத்துப் பிளவில் செருகுவதற்கு மஞ்சள் நிறக் கேசட் ஒன்றும் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பொறியின் கம்பியை மாட்ட வேண்டும். பிறகு காதைத் திருகுவதுபோல் குமிழைத் திருகிப் படம் தெளியும்வரை தேட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்புவெள்ளைப் பெட்டி. எனவே எல்லா ஆட்டங்களும் எங்களுக்குச் சாம்பல் நிறத்திலேயே தோன்றின. படம் நடுங்கினால் கேசட்டைப் பிடுங்கி, அதன் வாயில் ஊதி, மீண்டும் செருகுவோம். ஊதியதால் பயன் இல்லை. கழற்றி மாட்டியதில் தொடர்பு சரியாயிற்று என்பதே உண்மை. வாய்நீரின் ஈரம் தொடர்புமுனைகளை அரித்திருக்கவும் கூடும். எனினும் பெங்களூரில் மட்டுமன்றி உலகெங்கும் குழந்தைகள் ஊதிக்கொண்டுதான் இருந்தனர்.

இந்தப் பொறியின் மூலம் எது என்பதைச் சொல்ல வேண்டும். 1889-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் மலர்ச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. அது 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஃபேமிகாம் என்னும் விளையாட்டுப் பொறியை ஜப்பானில் வெளியிட்டது. அதனுள் இருந்த வேலை நினைவகம் 2 கிலோபைட்டே. இன்று அரைப்பக்கக் கடிதம் ஒன்றுக்குக்கூட அது போதாது. அந்தச் சிற்றிடத்தைக் கொண்டே பல நூறு ஆட்டங்கள் செய்தனர். அந்தப் பொறியைப் பார்த்துத் தைவானிலும் பிற இடங்களிலும் படிகள் எழுந்தன. அப்படிகளில் ஒன்றே எங்கள் வீட்டிற்கு வந்தது. ஆட்டங்களை ஆக்கியவர்களுக்கு அவ்வணிகத்தால் ஒரு காசும் சேரவில்லை. அது நேர்மையான வணிகம் இல்லை என்பதை இன்று உணர்கிறோம். அன்று எங்களுக்குக் கிட்டிய வழியும் அது ஒன்றே.

கேசட்டின்மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு வாழ்நாளுக்குப் போதும் என்று மகிழ்ந்தோம். இரண்டு நாளில் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு எண்களில் வந்தன. 31-ஆம் எண்ணில் வந்தது முதல் ஆட்டத்தின் மூன்றாம் கட்டம். 61-ஆம் எண்ணில் வந்தது அதன் ஐந்தாம் கட்டம். பந்தியில் ஒரே பாயசத்தைப் பல பெயரிட்டுப் பரிமாறிய கதையாயிற்று.

ஆனால் அந்த முப்பதின் தெரிவில் ஒரு காரணம் இருந்தது. 1983 முதல் 1986 வரை வந்த தொடக்கக்கால ஆட்டங்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றும் 24 அல்லது 40 கிலோபைட் அளவே இருந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் ஐம்பது மடங்கோ நூறு மடங்கோ இருக்கும். பின்னாளில் வந்து புகழ்பெற்ற பெரிய ஆட்டங்கள் ஒரே கேசட்டில் பல அடங்கா. இச்சிறிய ஆட்டங்களோ அடங்கும். ஆகவே படி எடுத்தவர்கள் இவற்றையே வாரி அடைத்தனர். அதன் விளைவு விந்தையானது. அமெரிக்காவில் அந்தப் பொறிக்கு விற்பனைக்கே வராத ஜப்பானிய ஆட்டங்கள், அல்சூர் வடாரத்துக் குழந்தைகளுக்கு மனப்பாடமாயின. உலகம் மறந்த சிற்றூர்ப் பாடல் தொலைவில் உள்ள ஏதோ ஒரு தெருவில் உயிரோடு இருப்பதைப் போன்றது இது.

ஆட்டங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் சுருங்கியும் சிதைந்தும் தோன்றும். சிலவற்றில் ஜப்பானிய எழுத்தே இருக்கும். எங்களால் படிக்க இயலவில்லை. எனவே நாங்களே பெயரிட்டோம். கொனாமி நிறுவனத்தார் ஆக்கிய 'ரோட் ஃபைட்டர்' எங்களுக்கு 'எண்ணெய் வண்டி' ஆயிற்று. எரிபொருள் தீருமுன் இலக்கை அடைய வேண்டிய கார் ஓட்டம் அது. மோதாமல் நெடுந்தொலைவு சென்றால் சாலையோரத்தில் ஒருவர் வானில் பறந்து செல்வார். அவர் அந்நிறுவனத்தாரின் படைப்பாகிய கொனாமி மேன் என்று பின்னர் அறிந்தோம். அன்று நாங்கள் அவரைச் சூப்பர்மேன் என்றோம். எங்கள் பாட்டியாரோ, 'ஆஞ்சநேயர்தான், சந்தேகமே வேண்டாம்' என்று கூறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிங்கத்தின்மேல் ஏறித் தீவளையத்துள் பாயும் 'சர்க்கஸ் சார்லி' எங்களுக்குக் 'கமலா சர்க்கஸ்' ஆயிற்று. பனிவெளியில் பென்குயின் ஒன்று ஓடி, நாடுகளின் ஆய்வுநிலையங்களை ஒவ்வொன்றாக அடைந்து கொடியேற்றும் 'அண்டார்க்டிக் அட்வென்சர்' என்னும் ஆட்டத்திற்குக் 'கொடியேற்றம்' என்று பெயரிட்டோம். உலக நாடுகள் சிலவற்றின் கொடிகளை நாங்கள் பள்ளியில் கற்குமுன் அங்குக் கற்றோம், நிறம் தெரியாமலே.

நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'யில் நாமே களம் அமைக்கும் பகுதி ஒன்று உண்டு. செங்கல், இரும்பு, நீர், மரம் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக வைத்து ஊர் கட்டலாம். நாங்கள் அல்சூரைக் கட்டினோம். நீரைப் பரப்பி ஏரி அமைத்தோம். செங்கல்லால் சோமேசுவரர் கோயிலை எழுப்பினோம். இரும்பால் எங்கள் வடாரத்தைச் சூழ்ந்தோம். பொறியை அணைத்தாலும் மின்சாரம் நின்றாலும் அவ்வூர் அழிந்துவிடும். சேமித்து வைக்க அதில் வழியில்லை. ஒவ்வொரு நாளும் அல்சூரை முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

இனி நாம் சொல்ல வந்த ஆட்டத்திற்கு வருவோம். அதை 'வாத்தாட்டம்' என்று அழைத்தோம். அதில் வருபவை இரண்டு பென்குயின்கள். எங்களுக்கு அப்பறவையின் பெயர் அன்று தெரியாது; நிமிர்ந்து நிற்கும் வாத்து என்றே கொண்டோம். திரையின் நடுவே ஒரு சுவர். அதன் இடப்புறம் ஒரு வாத்து. வலப்புறம் ஒரு வாத்து. மேலே, நடுவில், கூண்டில் அடைபட்ட ஓர் இதயம். இரண்டும் ஒரே நேரத்தில் இருபுறமும் வந்து நின்றால்தான் கூண்டு திறக்கும். ஒன்று மட்டும் வந்து சேர்ந்தால் பயனில்லை.

ஆடுவோர் கையில் இருப்பது ஒரே பிடி. ஒரு வாத்தை இடப்பக்கம் நகர்த்தினால், மற்றொன்று கண்ணாடி நிழல்போல் வலப்பக்கம் நகரும். மேலும் கீழும் செல்கையில் இரண்டும் ஒன்றாகச் செல்லும். ஆனால் இருபுறத்துச் சுவர்களும் ஒன்றுபோல் அமைந்திருக்கவில்லை. இங்கு வழி திறந்திருக்க, அங்குச் சுவர் தடுக்கும். இடையே சிலந்தி வலைகள் உண்டு. ஒரு வாத்து வலையில் சிக்கினால் அது தானே விடுபடாது. மற்றது சுற்றி வந்து மருந்து தெளித்து அதை மீட்க வேண்டும். சில கட்டங்களில் ஒரு பறவை வரும். அது தொட்டால் இரண்டும் பக்கம் மாறிவிடும். இடத்தில் இருந்தது வலத்திற்கும், வலத்தில் இருந்தது இடத்திற்கும் போய்விடும். இத்தனைக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். கறுப்புவெள்ளைப் பெட்டியில் இரண்டு வாத்துகளும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கள் வாத்து என்பதே சில வேளை மறந்துபோகும்.

ஒருவர் இரண்டு கண்ணாலும் இரண்டு பக்கத்தையும் பார்ப்பது அரிது என்பதை விரைவில் கண்டோம். ஆகவே எங்களுள் ஒருவர் பிடியை ஏந்தி இடப்பக்கத்தைப் பார்ப்பது என்றும், மற்றொருவர் வலப்பக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பது என்றும் முறை வகுத்தோம். வலப்பக்கம் பார்ப்பதில் எங்கள் எல்லாரையும்விட வல்லவன் எதிர்வீட்டுக் கன்னடச் சிறுவன். எங்கள் வயதே அவனுக்கும். அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வாராது. எங்களுக்குக் கன்னடம் தெருவில் கேட்ட அளவே தெரியும். 'எட, எட, நில்லு, மேலெ, பல!' என்று அவன் கூவுவான். நாங்கள் ஒரு நொடியும் தயங்காமல் நகர்த்துவோம். அவன் சொன்ன 'எட' நம் இடம். 'பல' நம் வலம். 'மேலெ'யும் 'நில்லு'வும் நம் பேச்சேதான். 'பா' என்றால் வா. நாங்கள் வாத்து என்றதை அவன் 'பாதுகோளி' என்றான்.

எந்தப் புத்தகமும் இல்லாமல் நாங்கள் கற்ற முதல் மொழிநூற்பாடம் இது. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். அந்தப் பகரத்தை 'பா' என்று அதிர்வோடு ஒலிப்பர். தமிழில் பகரத்தில் தொடங்குவது கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு ஆகும். புலி ஹுலி ஆகும். பத்து ஹத்து ஆகும். எங்கள் பகுதிக்குக் கன்னடத்தில் ஹலசூரு என்று பெயர். ஹலசு என்றால் பலா. பலாத்தோப்பு இருந்த ஊர் என்று பெயர்க்காரணம் சொல்வர். ஒரு விதி தெரிந்துவிட்டால் சுவரின் மறுபக்கத்தில் வழி எப்படித் திரும்பும் என்பது ஓரளவு புலனாகிவிடும். சில இடங்களில் விதி பொய்க்கும்; அங்கே முட்டிக்கொண்டு கற்க வேண்டும். வாத்தாட்டத்திலும் அப்படித்தான்.

நேயர்களே, இனிச் சொல்வது இனிய செய்தி இல்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமை பெறாது. காவிரி நடுவர் மன்றம் 1991-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இடைக்கால ஆணை ஒன்றை வழங்கியது. அது டிசம்பரில் நடுவண் அரசிதழில் வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து டிசம்பர் 12, 13 ஆகிய நாள்களில் பெங்களூரில் கலவரம் மூண்டது. உயிர்கள் மாண்டன; தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன; ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை கடந்து சென்றன.

முதல் நாள் மாலை எதிர்வீட்டு அம்மையார் எங்கள் தாயாரிடம் வந்து, 'அக்கா, பிள்ளைகளை எங்கள் வீட்டிற்கு அனுப்புங்கள். நீங்களும் வாருங்கள்' என்று கன்னடத்தில் சொன்னார். தாயார் சற்றே தயங்கினார். பிறகு கதவைப் பூட்டினார். நாங்கள் விளையாட்டுப் பொறியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டோம். தந்தையார் இரவுமுறை வேலையில் சிக்கி, ஆலையிலேயே தங்கிவிட்டார். அவரைப் பற்றிச் செய்தி இல்லை. அந்த வீட்டாருக்கும் ஒரு கவலை இருந்தது. அம்மையாரின் தம்பி சேலத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். எல்லைக்கு அப்பால் அவர் எப்படி இருக்கிறாரோ என்று அவர் மனம் வெதும்பினார். இரு தாய்மாரும் ஒரே அடுப்பங்கரையில் அமர்ந்து, ஒருவர் கிழக்கேயும் மற்றவர் தெற்கேயும் எண்ணிக்கொண்டிருந்தனர்.

அந்த இரண்டு நாள்களும் நாங்கள் வாத்தாட்டம் ஆடினோம். ஒலியை முழுதும் அடக்கிவிடும்படி பெரியோர் ஆணையிட்டிருந்தனர். வெளியே ஆள் நடமாடும் ஓசை கேட்டால் பெட்டியையும் அணைத்துவிடுவோம். குரல் கொடுக்கவும் கூடாது. ஆகவே அவன் எங்கள் முதுகில் விரலால் தட்டினான். இடத்தோளில் தட்டினால் இடம். வலத்தோளில் தட்டினால் வலம். கழுத்தில் தட்டினால் மேலே. அதுவரை நாங்கள் கடந்திராத கட்டங்களை அந்த இரு நாள்களில் கடந்தோம். அச்சத்தில் மனம் கூர்மையுற்றதோ, பேசாமையால் கவனம் கூடியதோ, அறியோம்.

மூன்றாம் நாள் காலையில் தந்தையார் நலமாகத் திரும்பினார். அம்மையாரின் தம்பியும் நலம் என்று இரண்டொரு நாளில் தந்தி வந்தது. ஆயினும் எங்கள் தாத்தா எங்களை ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பொறியைக் கொண்டுசெல்ல இடமில்லை. அதை எதிர்வீட்டிலேயே விட்டுச் சென்றோம். பல்லாங்குழிக் கட்டையை விட்டுப் பிரியாத பாட்டியார், 'பெட்டி அங்கே இருக்கட்டும். நாம் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா?' என்றார். ஊரில் எங்களைப் பள்ளியில் சேர்க்க முயன்றனர். எங்கள் பேச்சைக் கேட்டு அங்குள்ள பிள்ளைகள் சிரித்தனர். இங்குத் தமிழர் என்றனர். அங்குப் பெங்களூரார் என்றனர். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1992-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திரும்பினோம். எங்கள் வீட்டுப் பூட்டு அப்படியே இருந்தது. வாயிலில் யாரோ நாள்தோறும் கூட்டியிருந்தனர். அன்று மாலை அவன் பொறியை எடுத்து வந்தான். எந்தக் கட்டம் வரை சென்றாய் என்று ஆவலோடு கேட்டோம். நாங்கள் நிறுத்திய இடத்தைக்கூட அவனால் எட்ட முடியவில்லையாம். அதற்கு அவன் சொன்ன காரணம் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது: 'எடகடெ நோடோக்கெ யாரூ இரலில்லா.' இடப்பக்கம் பார்ப்பதற்கு யாரும் இல்லை என்பது அதன் பொருள்.

அதன்மேல் நாங்கள் அந்நாள்களைப் பற்றி அவனோடு பேசியதில்லை. ஆட்டத்தை மட்டும் தொடர்ந்தோம்.

ஆண்டுகள் கடந்தன. வடாரம் இடிந்து அடுக்குமாடியாயிற்று. அவனும் நாங்களும் வெவ்வேறு திசையில் சென்றோம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயரை அறிந்தோம். அது 'பைனரி லேண்ட்'. ஹட்சன் சாஃப்ட் நிறுவனத்தார் 1985-இல் ஃபேமிகாமுக்கு வெளியிட்டது. பென்குயின்களின் பெயர் குரின், மாலன். ஒன்று ஆண், மற்றொன்று பெண், இரண்டும் காதலர். அதன் இசை பிரெஞ்சு இசையாளர் எரிக் சாட்டி இயற்றிய மெட்டு என்பதையும் அறிந்தோம். ஹட்சன் நிறுவனமோ 2012-இல் கொனாமியோடு இணைந்து மறைந்துவிட்டது.

அந்த ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்த்தபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. வாத்துகள் விரைந்தோடின, மெட்டும் விரைந்தது. காரணம் இதுதான். ஜப்பானியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள். இந்திய முறையில் 50. ஆகவே எங்கள் படிப்பொறி எல்லா ஆட்டங்களையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓட்டியிருக்கிறது. உலகம் ஆடிய ஆட்டமும் நாங்கள் ஆடிய ஆட்டமும் ஒன்றல்ல. பெயர் வேறு, நிறம் வேறு, வேகமும் வேறு. எது மூலம் என்று கேட்டால் அறிவு ஒன்றைச் சொல்லும். நினைவு வேறொன்றைச் சொல்லும்.

ஜப்பானிய நிறுவனங்கள் ஆக்கிய ஆட்டங்களைப் பற்றிய செய்திகளை ஆர்வலர் பலர் தொகுத்துள்ளனர். ஆனால் 'வாத்தாட்டம்', 'எண்ணெய் வண்டி', 'கொடியேற்றம்' என்ற பெயர்களை யார் எழுதி வைப்பர்? அவை வடாரத்துப் பிள்ளைகளின் வாயில் இருந்தவை. அவ்வாறே மும்பையின் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கோலார் தங்கவயலிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் என்னென்ன பெயரிட்டனரோ! மராத்தியும் இந்தியும் தெலுங்கும் கலந்து எத்தனை சொற்கள் பிறந்தனவோ! பல்லாங்குழியின் வகைகளைத் தொகுத்த அறிஞர்கள் உண்டு. இவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் குறைவு ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைகளையும், இன்று நடுவயதை எட்டிவிட்ட பழைய பிள்ளைகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ஆம் ஆண்டில் நிறுவிய திருவள்ளுவர் சிலை, திறக்கப்பெறாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. பள்ளிக்குச் செல்லும்போதெல்லாம் அந்த மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வளர்ந்தோம். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13-ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டடியில் பாடியவர் இங்கே. மூன்றடியில் பாடியவர் அங்கே. இருபுறமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன.

அச்செய்தியைக் கேட்ட அன்று எங்களுக்கு ஏரிக்கரைக் கூட்டம் நினைவுக்கு வரவில்லை. முதுகில் தட்டிய விரல்தான் நினைவுக்கு வந்தது. அவன் எங்கிருக்கிறானோ தெரியாது. எங்கள் வீட்டில் பழைய பொறி இன்னும் இருக்கிறது. அதில் உயிர் இல்லை. இடப்பக்கம் பார்க்க நாங்கள் இருக்கிறோம். இந்தப் பேச்சு அவன் காதில் விழுமாயின், வலப்பக்கம் பார்க்க அவன் வரலாம்.